தூக்கத்துக்கு ஒரு அட்டை சத்து மாத்திரை!

"ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது சார்"னு மருந்துக்கடையில சொல்லிப் பாருங்க. தூக்க மாத்திரை சீட்டு இல்லாம தர மாட்டாங்க (தரக் கூடாது!). பதிலுக்கு ஒரு அட்டை பி-காம்ப்ளெக்ஸ் வரும். "சத்துக் குறைவா இருக்கும், இதைப் போட்டுப் பாருங்க". சத்து மாத்திரைதானே, என்ன கெட்டுப் போச்சுன்னு நாமளும் முழுங்கிடறோம். கொஞ்சம் கெட்டுத்தான் போகுதுங்கறது என் கட்சி.

உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அது எப்படி ஓடுதுன்னு பார்க்க, 1962-ல் மிஷேல் சிஃப்ர்-னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஆல்ப்ஸ் மலையில ஒரு குகைக்குள்ள கடிகாரமே இல்லாம இரண்டு மாசம் தனியா இருந்தார். செப்டம்பர் 14 அன்னிக்கு வெளியே கூட்டிட்டு வந்தப்ப, அவர் கணக்குல தேதி ஆகஸ்ட் 20! மனசுக்குக் கணக்கு தப்பிடுச்சு. ஆனா உடம்பு மட்டும் 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலா ஒரு சுற்றுன்னு ஒழுங்கா தூங்கி எழுந்துகிட்டே இருந்திருக்கு. அந்தக் 'கொஞ்சம் கூடுதல்'தான் விஷயம். தினமும் மெல்ல மெல்லத் தள்ளிப்போகிற முள்ளைத் திருப்பி வைப்பது கண் வழியா மூளைக்குப் போகிற காலை வெளிச்சம்.

இந்த வேலையை வைட்டமின் செய்யாதான்னு ஜப்பான்காரங்க ரொம்ப நம்பிக்கையோட முயற்சி பண்ணினாங்க. விடிகாலை மூணு மணி, நாலு மணிக்குத்தான் தூக்கம் வரும், மதியம்தான் எழ முடியும்னு சிலர் இருக்காங்க இல்லையா (சோம்பேறின்னு திட்டாதீங்க, அது ஒரு கோளாறு), அவங்கள்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு பி12 கொடுத்து நேரம் சரியானதா ஆரம்பத்துல தகவல் வந்தது. உடனே பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, யாருக்கு நிஜ மாத்திரை யாருக்கு வெத்து மாத்திரைன்னு கொடுக்கிற டாக்டருக்கே தெரியாதபடி, தினம் 3 மில்லிகிராம் வீதம் நாலு வாரம் கொடுத்துப் பார்த்தாங்க. 1997-ல் முடிவு வந்தது: வெத்து மாத்திரைக்கும் இதுக்கும் சொல்லும்படியா வித்தியாசமே இல்லை. நிஜமாவே பி12 குறைஞ்சவங்களுக்கு, முக்கியமா சுத்த சைவக்காரங்களுக்கும், வருஷக்கணக்கா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறவங்களுக்கும், அது மருந்துதான். கடிகாரத்தைத் திருப்பற சாவி இல்லை, அவ்வளவுதான்.

அதே அட்டையில இருக்கிற பி6 இன்னும் சுவாரசியம். 2018-ல் ஆஸ்திரேலியாவில் படுக்கப் போகும் முன்னாடி 240 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததுல, கனவு நிறைய ஞாபகம் இருந்ததாம். கூடவே பி-காம்ப்ளெக்ஸ் சாப்பிட்ட இன்னொரு கூட்டம், தூக்கம் சரியில்லை, எழுந்தா அசதியா இருக்குன்னு சொல்லியிருக்கு. தூங்கறதுக்காக முழுங்கற மாத்திரை இது! பி6-ஐ அதிக அளவுல மாசக்கணக்கா சாப்பிட்டா கைகால் நரம்பு பாதிச்சு மரத்துப் போகும்ங்கறதும் பழைய செய்திதான். "நரம்புக்கு நல்லது"ன்னு வாங்கி நரம்பையே கெடுத்துக்கறது, என்னத்தைச் சொல்ல.

அமெரிக்காவிலிருந்து வர்ற சொந்தக்காரங்க பெட்டியில சாக்லேட்டோட இப்ப மெலடோனின் மிட்டாயும் வருது. இது வைட்டமினே இல்லை, ஹார்மோன். ராத்திரி ஆச்சுன்னு உடம்புக்குச் சேதி சொல்றது. எந்த நேரத்துல சாப்பிடறோம்ங்கறதைப் பொறுத்து கடிகாரத்தை முன்னாடியும் தள்ளும், பின்னாடியும் தள்ளும். சரி, அளவாவது தெரியுமா? 2023-ல் அங்கே 25 வகை மிட்டாயைச் சோதிச்சதுல 22-ல் டப்பாவில் போட்டிருந்த அளவு ஒண்ணு, உள்ளே இருந்தது ஒண்ணு. ஒண்ணுல மெலடோனினே இல்லை.

இவ்வளவு வம்பு நான் பண்றது முக்கியமா ஒரு விஷயத்துக்காக. நம்ம வீட்டு அம்மாக்கள் "கால் குடையுது, தூக்கம் வரலை"ன்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. அதுல ஒரு வகை இருக்கு. வலின்னு சொல்ல முடியாது, காலை ஆட்டிக்கிட்டே இருக்கணும்போல இருக்கும். எழுந்து நடந்தா தேவலை, படுத்தா மறுபடி ஆரம்பிக்கும். பகல்ல சும்மா இருந்துட்டு ராத்திரியில படுத்தும். இதுக்குப் பெரும்பாலும் கிடைக்கிறது தைலமும் அதே பி-காம்ப்ளெக்ஸ் அட்டையும். ஆனா பல பேருக்கு இதுக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி 15-லிருந்து 49 வயசுக்குள்ள இருக்கிற இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வருஷக்கணக்கா தூக்கம் கெட்டவங்க இதுல எத்தனை பேரோ.

ஹீமோகுளோபின் சரியா இருந்தாலும் ஃபெரிட்டின் குறைஞ்சிருக்கலாம். அதையும் சேர்த்துப் பாருங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. கால் குடைச்சல் உள்ளவங்களுக்கு ஃபெரிட்டின் 75-ஐத் தாண்டலைன்னாலே இரும்புச்சத்து கொடுக்கலாமான்னு யோசிப்பாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. டெஸ்ட் பண்ணாம இரும்பு மாத்திரையும் வாங்காதீங்க, உடம்புல இரும்பு கூடினாலும் ஆபத்து. டாக்டர் எழுதிக் கொடுத்தா, அதை டீ, காபியோட மட்டும் முழுங்காதீங்க. பாதி உடம்புல சேராது.