ஸ்பிரிங்கை வெட்டாதீங்க தம்பிமார்

நேற்று அஸருக்குப் பிறகு ஜம்பட்டா வீதியில் என்னிடம் படித்த பிள்ளையொருவன் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஏற்றினான். ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டி லோவர் பண்ணியிருக்கிறான். "லுக் எப்படி சேர்?" என்றான். அடுத்த பள்ளத்தில் 'டங்' என்றொரு இடி. பின்சீட்டில் இருந்த அவனுடைய உம்மா முதுகைப் பிடித்துக்கொண்டார்.

லோவர் பண்ணுவது பிழையென்று நான் சொல்லவில்லை. உயரம் குறைந்தால் வளைவில் வண்டி குறைவாகச் சாயும். ஆனால் சக்கரம் ஏறி இறங்க இடம் வேணும். ஸ்பிரிங்கை வெட்டினால் ஷொக் எப்சோபர் ஏற்கனவே அமுங்கித்தான் நிற்கும். மிச்சம் கொஞ்ச இடம்தான். பள்ளம் வந்தால் பம்ப் ஸ்டொப்பில் இடிக்கும்.

கொயில்ஓவரிலும் இரண்டு வகை. ஸ்பிரிங் தட்டை மட்டும் இறக்கும் வகையிலும் இதே குறை உண்டு. ஷொக்கின் அடிப்பிடியை மரையில் சுழற்றி மொத்த நீளத்தையே குறைக்கும் வகையில், ஷொக்கின் அசைவு குறையாது. அப்போதும் டயர் மட்கார்ட்டில் முட்டுதா என்று பாருங்கள், எலைன்மன்ட் செய்யுங்கள்.

பஞ்சிகாவத்தையில் விலை பேச முன் கேளுங்கள்: "அடிப்பிடி தனியாகச் சுழலுமா? எண்ணெய் கசியுதா?" காசு போதாவிட்டால் பொறுங்கள். 2020இல் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தாலும், வரியோடு பார்த்தால் புதுக்கார் நமக்கு எட்டாது. இருக்கிறதைக் காப்பாற்றுவோம்.

உம்மாவின் முதுகுக்குப் பஞ்சிகாவத்தையிலும் ஸ்பெயார் பார்ட்ஸ் கிடையாது.