சூளையிலிருந்து எழும் கூக்குரல்



எகிப்தில் இஸ்ராயேல் மக்கள் செங்கல் அறுத்த வரலாற்றை யாத்திராகமத்தில் வாசித்திருக்கிறீர்கள். வைக்கோல் தருவதை நிறுத்திய பார்வோன், கல்லின் கணக்கு மட்டும் குறையலாகாதென்று கட்டளையிட்டான். அது பழங்கதை என்று எண்ணி ஏட்டை மூடிவிடுகிறோம். ஆனால் அந்தச் சூளை இன்னும் அணையவில்லை.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாகிஸ்தான் முதல் வட இந்தியா, நேபாளம் வழியாக வங்கதேசம் வரையுள்ள செங்கற்சூளைகளைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மதிப்பிட்டனர். 2018-ஆம் ஆண்டு வெளிவந்த அவர்கள் கணக்கு 55,387 சூளைகள். எல்லாச் சூளையும் அடிமைக்கூடம் அன்று. எனினும் எங்கே தேடவேண்டும் என்பதை அப்படங்கள் காட்டின.

சூளையைக் காட்டும் படம் கடனைக் காட்டாது. இங்கே சங்கிலி இரும்பாலானதன்று. அதன் பெயர் முன்பணம். வேலையில்லா மாதங்களில் அரிசிக்கும் மருந்துக்கும் திருமணத்துக்கும் வாங்கிய தொகைக்காகக் குடும்பமே சூளைக்குப் பெயர்கிறது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுவதால், சிறுவர் கைகளும் மண் பிசைகின்றன. கணக்கேடோ முதலாளியிடம், பருவம் முடிந்தும் கடன் முடிவதில்லை.

நம் நாட்டின் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடனையே ரத்துச் செய்துவிட்டது. அதை நிறைவேற்றும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. ஆயினும் 1978-இல் காந்தி அமைதி நிறுவனமும் தேசியத் தொழிலாளர் நிறுவனமும் பத்து மாநிலங்களில் நடத்திய ஆய்வு, ஏறத்தாழ 26 லட்சம் கொத்தடிமைகள் இருப்பதாக மதிப்பிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. அதைச் சூளைவரை கொண்டு செல்வார் இல்லை.

ஒடிசாவின் பலாங்கிர் பகுதியிலிருந்து ஏழைக் குடும்பங்கள் தமிழகச் சூளைகளுக்கும் வருகின்றன. நம் மொழி அறியாத அம்மக்கள் யாரிடம் முறையிடுவர்?

வீடு கட்டும்போதும் கோவில் கட்டும்போதும் கல்லின் விலையை விசாரிக்கிறோம். அறுத்தவனுக்குக் கூலி கிடைத்ததா, விரும்பும்போது அவன் ஊர் திரும்ப இயலுமா என்று விசாரிப்பதில்லை. இனி விசாரிப்போம். ஐயம் எழுந்தால் பங்குப் பேரவையார் ஆட்சியருக்கு மனு எழுதட்டும்.

பிப்ரவரி 8, புனித பக்கித்தாவின் திருநாள். சூடானில் சிறுமியாகக் கடத்தப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, பின்னர் கனோசா சபைக் கன்னியரானவர் அவர். 2015 முதல் திருச்சபை அந்நாளை ஆட்கடத்தலுக்கு எதிரான செப நாளாக அனுசரிக்கிறது. அன்று இல்லந்தோறும் செபிப்போம். ஆனால் செபத்தோடு நின்றுவிடலாகாது. ஆண்டவர் தம் மக்களின் துயரை மேலிருந்து பார்த்ததோடு அமையவில்லை. அவர்களை விடுவிக்க இறங்கி வந்தார். மோயீசனையும் அனுப்பினார்.

இன்று அவர் அனுப்புவது நம்மை அன்றி வேறு யாரை?

உங்கள் பங்குத்தந்தை