அம்மாவுக்கு வந்த புற்றுநோய் மகளுக்கும் வருமா?

தமிழ்நாட்டில் 14 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பு ஊசி போடப்படும் என்று 2025-ம் ஆண்டு மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் அரசாங்கம் அறிவித்தது. படிப்படியாக நடக்கும் இந்தத் திட்டத்துக்கு 36 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

ஊசி என்றதும் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு எழுவது இயல்பு.

"அவள் பாட்டிக்கே அந்த வியாதி இருந்தது. ரத்தத்தில் வருகிற வியாதிக்கு ஊசி போட்டு என்ன ஆகப்போகிறது?" என்பது ஒன்று.

"எங்கள் வம்சத்திலேயே அது கிடையாது. எங்கள் பெண்ணுக்கு எதற்கு ஊசி?" என்பது மற்றொன்று.

இரண்டும் தவறு. ஆனால், இரண்டிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளியைப் பெரிய குளமாக நினைத்துவிடுவதால்தான் ஆபத்து.

இந்தப் புற்றுநோய் ரத்தத்தில் வருவதல்ல. ஒரு கிருமியால் வருவது. அதன் பெயர் எச்.பி.வி. இதைக் கண்டுபிடித்தவர் ஹெரால்ட் சூர் ஹாசன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. 1983-ல் இந்தக் கிருமியின் 16-ம் வகையையும், அடுத்த ஆண்டு 18-ம் வகையையும் அவருடைய குழுவினர் புற்றுக் கட்டிகளில் கண்டார்கள். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 100-க்கு 70 இந்த இரண்டு வகைகளால்தான் வருகிறது.

கணவன்-மனைவி உறவின் மூலம் இந்தக் கிருமி தொற்றுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மணமான பெண்களில் மிகப் பலருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது தொற்றுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே போய்விடுகிறது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

மீதி உள்ள சிலரிடம் மட்டும் அது தங்கிவிடுகிறது. அப்படித் தங்கினாலும் புற்றாக மாற 15, 20 ஆண்டுகள் ஆகலாம்.

ஒருத்தியை விட்டுப் போன கிருமி, இன்னொருத்தியிடம் மட்டும் ஏன் தங்குகிறது? இங்கேதான் வம்சம் வருகிறது.

உத்திரமேரூர் குடம்

காஞ்சீபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் என்றதும் குடவோலைதான் நினைவுக்கு வரும். பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் இருக்கின்றன. தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதுவார்கள். ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் கையை விட்டு எடுப்பான். வந்த பெயர்தான் ஊர் வாரியத்தின் உறுப்பினர்.

குழந்தை பிறப்பதும் ஏறக்குறைய ஒரு குடவோலைதான்!

கிருமியை அடையாளம் காட்டும் குணங்கள் மனிதனின் 6-ம் எண் குரோமோசோமில் ஒரு கட்டாக இருக்கின்றன. அவற்றுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். அந்தக் கட்டை ஓர் ஓலை என்று வைத்துக்கொள்ளலாம். தந்தையின் குடத்தில் இரண்டு ஓலைகள். தாயின் குடத்தில் இரண்டு ஓலைகள். ஒவ்வொரு குடத்திலிருந்தும் ஓர் ஓலை குழந்தைக்கு வருகிறது.

ஆகவே, ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு சகோதரிகளுக்கு இரண்டு ஓலைகளும் ஒன்றாக இருக்க நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. ஓர் ஓலைகூட ஒன்றாக இல்லாமல் போகவும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சிறுநீரகம் கொடுக்கும்போது அண்ணனுடையது பொருந்துகிறது, தம்பியுடையது சரியாகப் பொருந்தவில்லை என்று டாக்டர்கள் சொல்வதும் இந்த ஓலைகளைப் பார்த்துத்தான்.

இந்த ஓலைகள் செய்யும் வேலை என்ன?

உடம்பில் உள்ள ஒவ்வோர் உயிரணுவும் ஒரு வீடு. வீட்டுக்குள் கிருமி நுழைந்தால், அதன் ஒரு துணுக்கைத் தட்டில் வைத்து வாசலில் நீட்டுகிறது. வெள்ளை அணுக்கள் தெருவில் ரோந்து வரும் போலீஸ்காரர்கள். தட்டில் இருப்பதைப் பார்த்ததும், "இந்த வீட்டில் திருடன்!" என்று தெரிந்துகொண்டு பாய்கின்றன.

அந்தத் தட்டுதான் எச்.எல்.ஏ. எல்லாருடைய தட்டும் ஒரே வடிவம் அல்ல. சிலருடைய தட்டில் எச்.பி.வி. துணுக்கு நன்றாக உட்காரும். சிலருடைய தட்டில் சரியாக நிற்காது. போலீஸ் கண்ணில் படாமல் திருடன் உள்ளேயே குடியிருப்பான்!

டி.ஆர். 13 என்ற வகைத் தட்டு உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் குறைவாக வருவதாகப் பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. வேறு சில வகைகள் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். இது எச்.பி.வி.க்கு மட்டும் உள்ள சங்கதியும் அல்ல. சிங்கப்பூர்ச் சீனர்களுக்கு வரும் மூக்குத் தொண்டைப் புற்றுநோய்க்கும் இந்தத் தட்டுக்கும் தொடர்பு இருப்பது 1970-களிலேயே தெரிந்துவிட்டது. அந்தப் புற்றுநோயிலும் ஒரு கிருமிக்குப் பங்கு உண்டு.

தத்துப் பெண்கள் சொன்ன சாட்சி

ஒரு குடும்பத்தில் இரண்டு பேருக்கு வியாதி வந்தால், அது பிறவியால் வந்ததா, ஒரே மாதிரி வாழ்ந்ததால் வந்ததா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். தத்துக் கொடுக்கப்பட்ட பெண்களின் கணக்கைப் பார்த்தார்கள். அந்த முடிவு 1999-ல் வெளிவந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றோ அதற்கு முந்திய நிலையோ பெற்ற தாய்க்கு இருந்தால், மகளுக்கு வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. உடன்பிறந்த சகோதரிக்கு இருந்தாலும் அப்படியே. வளர்த்த தாய்க்கு இருந்தபோதோ, மகளின் ஆபத்து சொல்லும்படியாக ஏறவில்லை.

ஆக, பிறவிக்குப் பங்கு உண்டு. அது உண்மை.

ஆனால் "இரண்டு மடங்கு" என்ற சொல்லைக் கேட்டு நடுங்க வேண்டாம். 100 பெண்களில் ஒருத்திக்கு வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இரண்டு மடங்கு என்பது இரண்டு பேர். மற்ற 98 பேருக்கு வராது.

இதற்கு மேல் பெரிய சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னை நகரப் புற்றுநோய்க் கணக்கு எழுதி வருகிறார்கள். அப்போது பெண்களுக்கு வந்த புற்றுநோய்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுதான் முதல் இடம். இன்று அதன் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

இந்த 40 ஆண்டுகளில் சென்னைப் பெண்களின் ஓலைகள் மாறிவிட்டனவா? இல்லை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அதே ஓலைகள்தான் வருகின்றன. மாறியது வாழ்க்கை. கல்யாண வயது ஏறியது. பிரசவங்கள் குறைந்தன. பெண்கள் படித்தார்கள். டாக்டரிடம் சீக்கிரம் போனார்கள்.

பட்டணத்தில்தானே என்று கேட்கலாம். கிராமத்திலும் நடந்திருக்கிறது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ம் ஆண்டு ஒரு சோதனை தொடங்கியது. 30 முதல் 59 வயது வரை உள்ள 49 ஆயிரம் பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பெரிய எந்திரம் ஒன்றும் இல்லை. வினிகரில் உள்ள அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். கெட்டுப்போன இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற நர்சுகளே பார்த்தார்கள். ஏழு ஆண்டுகளில், பரிசோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களைவிட இந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய்ச் சாவு 100-க்கு 35 குறைந்தது.

ஓலை எதுவாக இருந்தாலும் பஞ்சு வேலை செய்தது!

இந்தியாவில் ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் பெண்களுக்கு மேல் இந்த வியாதி வருகிறது. அவர்களில் பலருடைய குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் வந்ததில்லை. "எங்கள் வம்சத்தில் கிடையாது" என்பது ஒரு கவசம் ஆகாது.

அதேபோல், தாய்க்கு இந்த வியாதி வந்தது என்று ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சை நிறுத்துவது அறிவீனம். அந்தப் பெண்ணுக்குத் தாயின் இரண்டு ஓலைகளில் ஒன்றுதான் வந்திருக்கிறது. எது வந்தது என்று மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு எந்த ஓலை என்பதும் தெரியாது.

தாய்க்கோ அக்காளுக்கோ இந்தப் புற்றுநோய் இருந்திருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 30 வயது ஆனதும் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. உத்திரமேரூர் வட்டாரத்தில் உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், காஞ்சீபுரத்தை அடுத்த காரப்பேட்டையில், அறிஞர் அண்ணா பெயரில் அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அண்ணாவும் 1969-ல் புற்றுநோயால் மறைந்தவர்தான்.

ஊசியைப் பற்றி ஒரு விஷயம். கிருமி தொற்றிய பிறகு போட்டால் அந்தக் கிருமியை அது விரட்டாது. அதனால்தான் சிறு வயதிலேயே போடச் சொல்கிறார்கள். எல்லா எச்.பி.வி. வகைகளையும் அது தடுப்பதும் இல்லை. ஊசி போட்டுக்கொண்ட பெண்களும் 30 வயதுக்குப் பிறகு பரிசோதனைக்குப் போக வேண்டும்.