கண்ணை மூடி எடுத்தால் கணக்கு வருமா?

பேரிகை வட்டாரத்தில் தக்காளி விளைகிறது. ஒரு பெட்டித் தக்காளிக்கு விலை பேசும் வியாபாரி என்ன செய்வார்?

மேல் வரிசையை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவார். பெட்டி முழுவதையும் கொட்டிப் பார்க்க நேரம் இல்லை. அதனால், கையை உள்ளே விட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு பழம் எடுப்பார். எது கைக்கு வரும் என்று அவருக்கே தெரியாது. பிறகு அழுகலை எங்கே ஒளிப்பது?

கம்ப்யூட்டரும் இதே தந்திரத்தைக் கையாளுகிறது!

ரகசியப் பூட்டு

ஓசூர் ஆலையில் வேலை செய்யும் மகன், பேரிகையில் இருக்கும் அம்மாவுக்குச் செல்போனில் பணம் அனுப்புகிறான். நடுவில் திருடன் புகாமல் இருக்க ரகசியப் பூட்டு வேண்டும்.

இத்தகைய பூட்டுகள் பலவற்றைப் 'பகா எண்'களைக் கொண்டு செய்கிறார்கள். 7, 13 போல, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுக்க முடியாத எண்ணே பகா எண்.

பூட்டுக்கு வேண்டியதோ, நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண். ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால், யுகம் முடிந்தாலும் கணக்கு முடியாது.

பத்து லட்சத்தில் ஒன்று

இதற்கு 1980-ல் மைக்கேல் ராபின் என்ற விஞ்ஞானி ஒரு வழி சொன்னார். கேரி மில்லர் என்பவர் கண்ட சோதனையை அவர் மாற்றி அமைத்தார்.

ஏதோ ஓர் எண்ணைக் கண்ணை மூடி எடுத்துச் சோதிக்க வேண்டும். பகா எண் போல நடிக்கும் போலியாக இருந்தால், நாலில் மூன்று பங்கு எண்களாவது அதைக் காட்டிக் கொடுத்துவிடும். பத்து முறை சோதித்தால், போலி தப்பும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுகூட இல்லை!

கான்பூர் வெற்றி

பிழைக்கே இடமின்றி, விரைவாகவும் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்று 2002-ல் நிரூபித்தவர்கள் இந்தியர்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர்.

ஆனாலும், ராபின் வழிதான் இன்னும் வேகமானது. ஆகவே, நடைமுறையில் பெரும்பாலும் அதுவே பயன்படுகிறது.

எல்லாக் கணக்குகளிலும் குருட்டுத் தேர்வை நீக்கிவிட முடியுமா? இதை ஆராய்ந்த அவி விக்டர்சனுக்கு 2023-ம் ஆண்டின் டூரிங் பரிசு கிடைத்தது. சில கணக்குகள் உண்மையிலேயே கடினமானவை என்று நிரூபித்தால், நீக்கிவிடலாம் என்று அவரும் தோழர்களும் காட்டினார்கள். அந்த நிரூபணம் இன்னும் கிடைக்கவில்லை.

அதுவரை காத்திருக்க முடியுமா? அம்மாவின் பணம் இன்றைக்கே பத்திரமாகப் போய்ச் சேர வேண்டுமே! பேரிகை வியாபாரியின் கைதான் இப்போதைக்குக் கம்ப்யூட்டருக்கும் துணை.