தொட்டிலும் டெனிஸ் மட்டையும்



பிள்ளை பிறந்த வீட்டில் முதல் நாற்பது நாளும் எல்லோருடைய கவனமும் தாய்மேல்தான். உம்மா சரக்குக் கறி ஆக்குவார், மாமி பிள்ளையைக் குளிப்பாட்டுவார், சாச்சி வந்து இரவில் விழித்திருப்பார். நாற்பது முடிந்ததும் அவரவர் தத்தமது வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். அந்தத் தாயும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு வேலையில் கெட்டிக்காரியாக இருந்தவள்தான். பாடசாலையில் படிப்பித்தவளாக இருக்கலாம். ஊரெல்லாம் தேடிவரும் தையற்காரியாக இருக்கலாம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவளாகவும் இருக்கலாம். அதற்கு அவள் எப்போது திரும்புவாள் என்று யாராவது கேட்கிறோமா? "இனி என்னத்துக்கு அதெல்லாம்?" என்ற ஒரு வார்த்தையோடு அந்தக் கதையை முடித்துவிடுகிறோம். முடித்துவைப்பவர்கள் பெரும்பாலும் நாம்தான், அவளல்ல.

இந்தக் கேள்வியோடு இம்முறை உங்களைக் கொஞ்சம் தூரத்துக்கு அழைத்துப் போகிறேன். 2009ஆம் ஆண்டு ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த டெனிஸ் பருவத்துக்கு. டெனிஸ் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அங்கே ஆடும் பெண்களின் உடையும் நடைமுறையும் வேறோர் உலகத்தைச் சேர்ந்தவை. அது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் பிள்ளை பெற்ற ஒரு தாய் அந்தப் பருவத்தில் சந்தித்த சங்கடம் உங்கள் வீட்டுக் கூடத்திலும் இருக்கிறது.

முதலில் அந்தப் பருவம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். டெனிஸ் விளையாட்டுக்கு மூன்று வகைத் தரைகள் உண்டு: புல்தரை, களிமண் தரை, கடின தரை. தார் அல்லது கொங்கிறீட் போட்டு, அதன்மேல் மணல் கலந்த அக்ரிலிக் பூச்சைப் பல படைகளாகப் பூசியதுதான் கடின தரை. களிமண் தரையில் ஓடிவந்த கால் கொஞ்சம் வழுக்கி நிற்கும். கடின தரையில் அப்படியில்லை. ஓடிய கால் சடாரென்று நிற்கும். அந்த அடி முழுவதையும் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும்தான் தாங்க வேண்டும். வெயில் ஏறினால் தரையும் அனல் கக்கும்.

அமெரிக்கப் பகிரங்கச் சுற்றுப்போட்டி 1974 வரை புல்தரையிலும், அடுத்த மூன்று வருடங்கள் களிமண்ணிலும் நடந்தது. 1978இல் நியூயோர்க்கின் ஃபிளஷிங் மெடோஸ் என்ற இடத்துக்கு மாறியபோது கடின தரைக்கு வந்தது. அதற்கு முந்திய வாரங்களில் வட அமெரிக்காவின் ஒவ்வொரு நகரமாகக் கடின தரைச் சுற்றுப்போட்டிகள் நடக்கும். ஒரு வாரம் ஒரு நகரம். தோற்றால் அன்றிரவே பெட்டி கட்ட வேண்டும். அடுத்த வாரம் வேறு ஹோட்டல், வேறு கட்டில். தனியாளுக்கே இது சிரமம். இடுப்பில் ஒரு குழந்தையும் இருந்தால்?

பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்தவர் கிம் கிளைஸ்டர்ஸ். 1983இல் பிறந்தவர். தந்தை லியோ கிளைஸ்டர்ஸ் அந்நாட்டின் பெயர்பெற்ற காற்பந்து வீரர். 2004இல் மணிக்கட்டுக் காயத்தினால் கிம் பல மாதங்கள் ஆட முடியாமல் இருந்தார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு மீண்டு வந்து, 2005ஆம் ஆண்டின் கடின தரைப் பருவத்தில் வெற்றிமேல் வெற்றி பெற்று, நியூயோர்க்கிலும் சம்பியனானார். பருவம் முழுவதும் நன்றாக ஆடியவர் என்பதற்காக அவருடைய பரிசுத் தொகை இரட்டிப்பாக்கப்பட்டு 22 இலட்சம் டொலர் கிடைத்தது. அதுவரை பெண்கள் விளையாட்டில் எவருக்கும் கிடைக்காத தொகை அது.

அவ்வளவு உயரத்தில் இருந்தவர், உடம்பின் காயங்கள் தொல்லை கொடுக்க, 2007 மே மாதம் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது வயது 23தான். அதே வருடம் கல்யாணம். கணவர் பிரையன் லிஞ்ச், அமெரிக்கக் கூடைப்பந்து வீரர். 2008 பெப்ரவரியில் ஜேடா என்ற பெண் குழந்தை பிறந்தது. 2009 ஜனவரியில் தந்தை தோல் புற்றுநோயினால் காலமானார். ஒரு வருடத்துக்குள் தாயானார், தந்தையையும் இழந்தார். இப்படிப்பட்ட ஒருத்தியைப் பார்த்து "இனி வீட்டோடு இரு" என்று யாராவது சொல்லியிருந்தால், அதைத் தவறென்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

அந்த வேளையில்தான் ஓர் அழைப்பு வந்தது. விம்பிள்டன் பிரதான அரங்குக்குப் புதிதாகக் கூரை போட்டிருந்தார்கள். அதைப் பரீட்சித்துப் பார்க்க 2009 மே மாதம் ஒரு காட்சி ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. அதில் ஆட கிம்மையும் கூப்பிட்டார்கள். ஒருநாள் ஆட்டமானாலும் பயிற்சி வேண்டுமே என்று மட்டையைக் கையில் எடுத்தார். எடுத்த கை அதைக் கீழே வைக்க விரும்பவில்லை. மீண்டும் விளையாடப்போவதாக மார்ச் மாதத்திலேயே அறிவித்துவிட்டார்.

அறிவிப்பது சுலபம், உள்ளே போவதுதான் கஷ்டம். டெனிஸில் ஒவ்வொருவருக்கும் தரவரிசை இலக்கம் உண்டு. கடந்த 52 வாரங்களில் பெற்ற புள்ளிகளைக் கூட்டித்தான் அதைக் கணிப்பார்கள். இலக்கம் இருந்தால்தான் பெரிய சுற்றுப்போட்டிகளின் கதவு திறக்கும். இரண்டு வருடத்துக்கு மேல் ஆடாத கிம்மிடம் ஒரு புள்ளியும் இல்லை. ஒரு காலத்தில் உலகின் முதலாம் இலக்கத்தில் இருந்தவருக்குப் பட்டியலில் பெயரே இல்லை.

இத்தகையவர்களுக்கு இருக்கும் ஒரே வழி, சுற்றுப்போட்டியை நடத்துவோர் தாமாகவே கொடுக்கும் விசேட அழைப்பு. 'வைல்ட் கார்ட்' என்பார்கள். சின்சினாட்டி, ரொறன்ரோ, நியூயோர்க் ஆகிய மூன்று இடத்திலும் கிம்முக்கு அந்த அழைப்பு கிடைத்தது.

ஓகஸ்டில் சின்சினாட்டியில் முதல் ஆட்டம். எதிரே பிரான்ஸின் மரியன் பார்ட்டோலி. கிம் வென்றார். காலிறுதி வரை போய், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த டினாரா சஃபினாவிடம் தோற்றார். அடுத்த வாரம் ரொறன்ரோவில் மூன்றாம் சுற்றில் தோல்வி. அதன்பிறகு நியூயோர்க்.

நியூயோர்க்கில் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் சுற்றில் மறுபடியும் பார்ட்டோலி. முதல் செட்டை இழந்து, பின்னர் மீண்டு வென்றார். நான்காம் சுற்றில் வீனஸ் வில்லியம்ஸ். முதல் செட் 6-0 என்று கிம்முக்கு. இரண்டாவது 0-6 என்று வீனஸுக்கு. மூன்றாவது 6-4 என்று கிம்முக்கு. காலிறுதியில் சீனாவின் லீ நாவை வென்றார். அரையிறுதியில் வீனஸின் தங்கை செரீனா. அந்த ஆட்டம் ஒரு சச்சரவில் முடிந்தது. சேர்விஸ் போடும்போது கால் கோட்டில் பட்டதென்று கோட்டு நடுவர் சொல்ல, செரீனா அவரிடம் கோபமாகப் பேசினார். ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை இருந்ததனால் தண்டனையாக ஒரு புள்ளி பறிக்கப்பட்டது. அதுவே கடைசிப் புள்ளியாகவும் அமைந்தது. ஆனால் அந்தக் கட்டத்துக்கு முன்பே 6-4, 6-5 என்று கிம் முன்னணியில் இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

2009 செப்டெம்பர் 13, ஞாயிறு இரவு. இறுதிப்போட்டியில் டென்மார்க்கின் கரோலின் வொஸ்னியாக்கியை 7-5, 6-3 என்று வென்று கிம் சம்பியனானார். விசேட அழைப்பில் வந்த ஒரு பெண் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் தடவை. பரிசு 16 இலட்சம் டொலர். கிண்ணம் கொடுக்கும் வேளையில் ஒன்றரை வயது ஜேடாவும் மைதானத்துக்கு வந்து ஓடித் திரிந்தாள். மகள் அந்நேரம் விழித்திருக்க வேண்டும் என்பதற்காக அன்று அவளுடைய பகல் தூக்கத்தைக் கொஞ்சம் பிந்தி வைத்ததாகக் கிம் அந்த மேடையிலேயே சொன்னார்.

சகோதரிகளே, அந்த வார்த்தையைக் கேட்ட எந்தத் தாய்க்கும் சிரிப்பு வந்திருக்கும். உலகப் பட்டம் வெல்லப் போகிறவளுக்கும் பிள்ளையின் தூக்கக் கணக்கு மனதில் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது! உம்மாவாக இருப்பதைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு அவர் மைதானத்துக்குள் போகவில்லை. இரண்டையும் சுமந்துகொண்டுதான் போனார்.

இதற்குமுன் ஒரு தாய் இத்தகைய பெரும் பட்டத்தை வென்றது எப்போது தெரியுமா? 1980இல். அவுஸ்திரேலியப் பழங்குடிப் பெண்ணான எவோன் கூலகொங் அவ்வருடம் விம்பிள்டனை வென்றார். அவருக்கும் முன்னர், 1973இல், மார்கிரட் கோர்ட் என்ற இன்னொரு தாய் அமெரிக்கப் பட்டத்தை வென்றார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான பரிசுத் தொகையை அமெரிக்கச் சுற்றுப்போட்டி முதன்முதலாகக் கொடுத்தது அந்த வருடத்தில்தான். 1980க்கும் 2009க்கும் இடையில் 29 வருடங்கள். இவ்வளவு காலமும் தாய்மாரிடம் திறமை இல்லாமலா போயிற்று? அப்படி எண்ணினால் அது பெரிய அநியாயம். திரும்பி வரும் பாதைதான் செப்பனிடப்படாமல் கிடந்தது.

இங்கே நாம் நிதானமாக யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிம்முக்கு அந்த அழைப்பு எதனால் கிடைத்தது? அவர் முன்னாள் சம்பியன், பெயர் பெற்றவர், அவர் வந்தால் அரங்கு நிறையும். அதே வயதில் அதேபோல ஒரு பிள்ளையைப் பெற்ற, உலகத்தில் நூற்றியிருபதாம் இடத்தில் இருந்த ஒருத்தி திரும்பி வர நினைத்திருந்தால் அவளை யார் அழைத்திருப்பார்கள்? பெயருள்ளவளுக்குத் தயவினால் திறக்கும் கதவு, பெயரில்லாதவளுக்கு முறையினால் திறக்க வேண்டும். முறை என்று ஒன்று இருந்தால்தான் யாரும் யாரிடமும் கெஞ்சிக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

அந்த முறை மெல்ல மெல்லத்தான் வந்தது. 2017 செப்டெம்பரில் செரீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. 2018இல் பிரெஞ்சுச் சுற்றுப்போட்டிக்கு அவர் திரும்பியபோது முன்னணி வீராங்கனைகளுக்குரிய இடம் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. இது நியாயமா என்று பெரிய விவாதம் எழுந்தது. அவ்வருடக் கடைசியில் பெண்கள் டெனிஸ் சங்கம் சட்டத்தை மாற்றியது. பிள்ளை பிறந்து மூன்று வருடங்கள் வரை, பழைய தரவரிசை இலக்கத்தைக் கொண்டு 12 சுற்றுப்போட்டிகளில் ஒரு தாய் நுழையலாம் என்றானது. டெனிஸ் வீராங்கனைக்கு முதலாளி என்று யாரும் இல்லை. ஆடாத மாதத்தில் வருமானமும் இல்லை. அதற்கும் ஒரு வழி 2025 மார்ச்சில் பிறந்தது. சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியத்தின் உதவியோடு, 12 மாதங்கள் வரை கொடுப்பனவுடன் கூடிய பிரசவ விடுமுறைத் திட்டத்தைச் சங்கம் அறிவித்தது.

அதே 2025இன் கடின தரைப் பருவத்தில், 2023இல் தாயான ஜப்பானின் நவோமி ஒசாகா மொன்றியலில் இறுதிப்போட்டி வரையும், நியூயோர்க்கில் அரையிறுதி வரையும் போனார். பாதை சரியாக இருந்தால் நடப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

திரும்பி வந்தவர்கள் எல்லோரும் எப்போதும் வென்றார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. கிம் 2010இலும் நியூயோர்க்கில் வென்றார், 2011இல் அவுஸ்திரேலியாவில் வென்றார், மீண்டும் உலக முதலிடத்தையும் அடைந்தார். 2012இல் ஓய்வு பெற்றார். மூன்று பிள்ளைகளுக்குத் தாயான பின், 2020இல் இன்னொரு முறையும் வந்து பார்த்தார். அம்முறை ஓர் ஒற்றையர் ஆட்டத்தைக்கூட அவரால் வெல்ல முடியவில்லை. அதனாலென்ன? முடியுமா முடியாதா என்பதை அவரே ஆடிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அதை வேறொருவர் அவருக்காக முன்கூட்டியே தீர்மானித்துவிடவில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் பெண்பிள்ளைகளுக்கு எந்தச் சங்கமும் சட்டம் எழுதப் போவதில்லை. அவர்களுக்குச் சட்டம் எழுதுபவர்கள் உம்மாவும் வாப்பாவும், மாமியும் கணவனும்தான். ஆகவே உங்களிடமே கேட்கிறேன். பிள்ளைக்குச் சில மாதங்கள் ஆன பிறகு, "மகள், நீ விட்ட படிப்பைத் தொடர விருப்பமா? தையல் இயந்திரத்தைத் திரும்பவும் திறக்கட்டுமா?" என்று அவளிடம் ஒருமுறையேனும் கேட்டிருக்கிறீர்களா? அவள் "வேண்டாம், பிள்ளையோடு இருக்கத்தான் ஆசை" என்றால் அதுவும் அவளுக்குரிய கண்ணியமான முடிவு. கிம்மும் 23 வயதில் தானாக முன்வந்துதான் மட்டையைக் கீழே வைத்தார். ஆனால் அவள் "ஓம்" என்றால், வாயால் சம்மதித்தால் மட்டும் போதாது. பரீட்சை நாளில் பிள்ளையை யார் பார்ப்பது, இரவில் ஒரு மணித்தியாலம் அவளைத் தொந்தரவு செய்யாமல் விடுவது எப்படி, மாலைத் தேநீரை யார் ஊற்றுவது — இவற்றையெல்லாம் பேசி முடிவு செய்ய வேண்டும். பெரிய பெரிய வசனங்களால் ஒரு தாய் திரும்பி வருவதில்லை. பகல் தூக்கத்தை ஒரு மணித்தியாலம் பிந்தி வைப்பது போன்ற சின்னச் சின்ன ஒழுங்குகளால்தான் வருகிறாள்.

மாமிமாரே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் விட்டுவந்த ஏதோ ஒன்று உங்கள் மனதிலும் இருக்கும். உங்களிடம் அப்போது யாரும் கேட்கவில்லை என்பதற்காக, உங்கள் மருமகளிடமும் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். கேட்கும் அந்த ஒரு கேள்விக்குச் செலவு ஒன்றுமில்லை.