ஒப்பித்த ஆங்கிலம்

"மைசெல்ஃப் ஃப்ரம் பொள்ளாச்சி, சார்" என்று தொடங்கினான் அந்தப் பையன். அன்று காலையிலிருந்து எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் அவன் ஆறாவது ஆள். ஆறு பேருக்கும் பலம் 'ஹார்டு ஒர்க்', 'பாசிட்டிவ் ஆட்டிட்யூட்'. ஆறு பேருக்கும் பலவீனம் 'ஐ ஆம் எ பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்'. ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்றால், ஆறு பேரும் 'ரெஸ்பான்சிபிள் பொசிஷ'னில் இருப்பார்களாம்.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவன். கோவையில் ஒரு பட்டறை ஆள் எடுத்தபோது, டெக்னிக்கல் கேள்வி கேட்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பையனைப் பார்த்துக் கேட்டேன்: "பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்டுன்னு சொன்னீங்களே தம்பி, எந்த விஷயத்துல? ஒண்ணு சொல்லுங்க."

அவன் முகம் வெளிறிவிட்டது. அவன் உருப்போட்ட தாளில் இந்தக் கேள்வி இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

"பரவால்ல, தமிழ்லயே சொல்லுங்க. ட்ரெயினிங்ல எந்த மெஷின்ல நின்னீங்க?"

"சி.என்.சி. லேத்துங்க சார். 25 எம்.எம். ஷாஃப்ட்டு. 24.97-க்கும் 25-க்கும் நடுவுல நிக்கணும். காலைல 24.98 வந்துச்சுங்க. போகப் போக அளவு ஏற ஆரம்பிச்சுது. இன்சர்ட் தேயுதுன்னு தெரிஞ்சுது. முப்பது பீஸுக்கு ஒரு தடவை மைக்ரோமீட்டர் வச்சுப் பார்த்து, 24.99 தாண்டுறதுக்கு முன்னாடியே ஆஃப்செட்ல பத்து மைக்ரான் குறைச்சுக் குடுத்தேங்க. நான் நின்ன ஷிஃப்ட்ல ரிஜெக்‌ஷன் வரலீங்க."

சொல்லும்போது அவன் வலதுகைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் காற்றில் மைக்ரோமீட்டரைத் திருகிக்கொண்டிருந்தன. வெளிவிட்டம் கடையும்போது இன்சர்ட் என்னும் வெட்டுமுனை தேய்ந்தால் விட்டம் கூடும் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்கும். கூடிக் கழிவாகிப் போகும் முன்பே கவனித்துக் கைவைப்பது புத்தகத்தில் வராது. பட்டறைக்குத் தேவையான ஆள் அவன்தான்.

அவனை எடுக்கவில்லை. மதிப்பெண் தாளில் 'கம்யூனிகேஷன் புவர்' என்று எழுதியிருந்தது. நான் வாதாடினேன், தோற்றேன், கடைசியில் அந்தத் தாளில் கையெழுத்தும் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதனால்தான்.

அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்: இன்டர்வியூவில் கேட்பது மொத்தமே இருபது கேள்வி, இருபதுக்கும் ஆங்கிலத்தில் விடை பாடம் பண்ணிவிட்டால் வேலை உறுதி. பேருந்து நிலையத்துப் புத்தகக் கடை இதைச் சொல்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் சொல்கிறது. வெட்கத்தோடு எழுதுகிறேன், எங்கள் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் அறைகளும் இதையே சொல்கின்றன. அம்மாவின் நகையை அடகு வைத்து இந்த வகுப்புக்குப் பணம் கட்டும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இது பொய். எட்டும் அளவில் இருந்த வேலையை நம் பிள்ளைகளின் கையிலிருந்து தட்டிவிடும் பொய்.

முதலில், உருப்போட்டதால் ஆங்கிலம் வருவதில்லை. அதில் இருக்கும் தப்பும் அப்படியே நிலைத்துவிடுகிறது. 'மைசெல்ஃப் இன்னார்' என்று ஆரம்பிப்பது ஆங்கிலமே அல்ல. 'ஐ ஆம்' போதும். ஆனாலும் ஒரு செட் மாணவர்கள் அடுத்த செட்டுக்கு அதைக் கைமாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், தாளில் அப்படித்தான் இருக்கிறது என்பதால். பாடம் செய்த பதிலின் ஆயுள் அடுத்த கேள்வி வரை. 'ஏன்?' என்று எதிரில் இருப்பவர் கேட்ட நொடியில் அது முடிந்துபோகிறது. அந்த இடத்தில் ஏற்படும் திகைப்பைப் பார்த்துத்தான் 'இவனுக்கு ஒன்றும் தெரியாது' என்று முடிவு கட்டுகிறார்கள். உருப்போடாமல் தட்டுத்தடுமாறிப் பேசியிருந்தால்கூட அந்த முடிவுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அந்தப் பையனிடம் சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தது. முப்பது பீஸுக்கு ஒரு தடவை அளந்தவன் அவன். அந்த உண்மையை ஓரங்கட்டிவிட்டு, எல்லாரும் சொல்லும் 'ஹார்டு ஒர்க்'கை முன்னால் நிறுத்தச் சொல்லிக்கொடுத்தது யார்? நாம்தான். பத்து மாடு மேய்த்துக்கொண்டே டிப்ளமா முடித்த பெண்ணும், அப்பாவின் வெல்டிங் கடையில் பன்னிரண்டு வயதிலிருந்து நின்ற பையனும் ஒரே வாக்கியத்தை ஒப்பிக்கிறார்கள். எதிரில் இருப்பவர் எதை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்? மிஞ்சுவது உச்சரிப்பு ஒன்றுதான். உச்சரிப்பில் கான்வென்ட் பிள்ளையை இவர்கள் எப்படி ஜெயிப்பார்கள்?

நம் பிள்ளைகளுக்குத் தங்களைப் பற்றிப் பேசக் கூச்சம். அது நல்ல வளர்ப்பின் அடையாளம். அதைப் பழிக்க மாட்டேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரமே, எவ்வளவு பெரிய நூல்களைச் செய்து முடித்தவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறது. ஆனால் அதே பாயிரம் நான்கு இடங்களில் அதற்கு விலக்குக் கொடுக்கிறது. அதில் ஒன்று, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது. இன்டர்வியூ அறைக்கு இதைவிடப் பொருத்தமான விதியை நான் எங்கும் படித்ததில்லை. உன்னைத் தெரியாதவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ செய்ததைச் சொல். செய்ததை, பெருமை பேசாமல், கூசாமல்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. நன்றாகப் பேசுகிறவர் நன்றாக வேலையும் செய்வார் என்று நினைப்பது மனசின் பழைய சறுக்கல். 1920-லேயே எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். ஒரு குணத்தில் ஒருவரைப் பிடித்துப்போனால் சம்பந்தமில்லாத மற்ற குணங்களுக்கும் தாராளமாக மதிப்பெண் விழுந்திருந்தது. நம் ஊரில் அந்த ஒரு குணம் ஆங்கிலம். வாயில் ஆங்கிலம் தடங்கலின்றி வந்தால், அந்தப் பிள்ளைக்கு மைக்ரோமீட்டர் பார்க்கவும் தெரியும் என்று நாமாக எழுதிக்கொள்கிறோம்.

அந்தந்த நேரத்தில் தோன்றியதைக் கேட்டு, பேச்சு பிடித்ததா என்று பார்த்து ஆள் எடுப்பதில் எவ்வளவு பலன் என்பதையும் அளந்திருக்கிறார்கள். 2022-இல் பால் சாக்கெட் என்ற உளவியலாளரும் உடன் உழைத்தவர்களும், பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி மறுகணக்குப் போட்டார்கள். தேர்வு முறைக்கும் பின்னால் தெரியும் வேலைத்திறனுக்கும் உள்ள ஒட்டுறவு, அப்படிப்பட்ட அரட்டை இன்டர்வியூவில் 0.19. வேலையை ஒட்டிய ஒரே கேள்விகளை எல்லாரிடமும் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலால் மதிப்பெண் போட்டால் 0.42. வேலை அறிவைச் சோதித்தால் 0.40. ஒன்று என்றால் முழுப் பொருத்தம், சைபர் என்றால் பொருத்தமே இல்லை. 0.19-ஐ நம்பித்தான் பொள்ளாச்சிப் பையனைத் திருப்பி அனுப்பினோம்.

ஒரு மாவட்டத்தையே ஆளப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் குடிமைப் பணித் தேர்வில், முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் 275 மதிப்பெண்ணுக்கான ஆளுமைத் தேர்வையும் தமிழிலேயே எதிர்கொள்ளலாம். கலெக்டராக வருபவர் தமிழில் பதில் சொல்லலாம், லேத்தில் நிற்க வருபவர் ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும் என்றால் இதில் என்ன நியாயம் இருக்கிறது? மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி, குரூப் டி, கெசட்டட் அல்லாத குரூப் பி வேலைகளுக்கு இன்டர்வியூவையே எடுத்துவிட்டது. இங்கே தமிழ்நாட்டில் 2010-இலேயே அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் ஒதுக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. அரசு இவ்வளவு தூரம் நகர்ந்து வந்திருக்கிறது. தனியார் பட்டறையின் முன்வாசல் மட்டும் நகரவில்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. மெஷின் மேனுவல் ஆங்கிலத்தில் வருகிறது. அலாரம் ஆங்கிலத்தில் அடிக்கிறது. திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருப்பவர் வெளிநாட்டு பையருக்குத் தினமும் மெயில் போட்டாக வேண்டும். அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா? ஒரு பழைய மெயிலைக் கையில் கொடுத்துப் பதில் எழுதச் சொல்லுங்கள். மேனுவலின் ஒரு பக்கத்தைக் கொடுத்து என்ன புரிந்தது என்று தமிழில் கேளுங்கள். வேலைக்கு வேண்டிய ஆங்கிலத்தை வேலையை வைத்தே பாருங்கள். 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்பதற்கு வரும் ஒப்பித்தலில் அது தெரியாது.

என் மாணவர்களிடம் இப்போது உருப்போடும் தாளைக் கிழித்துப் போடச் சொல்கிறேன். நீ செய்த மூன்று வேலையை எடு. அதில் என்ன கோளாறு வந்தது, நீ என்ன பார்த்தாய், என்ன மாற்றினாய், பிறகு என்ன ஆயிற்று; இதைத் தமிழில் வாய்விட்டுச் சொல். உன் அம்மாவுக்கு விளங்கும் அளவுக்குச் சொல். அதன்பிறகு அதையே உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், குட்டிக் குட்டி வாக்கியமாகச் சொல். 'சைஸ் வாஸ் இன்கிரீசிங். ஐ செக்டு எவ்ரி தர்ட்டி பீசஸ். ஐ சேஞ்ச்டு தி ஆஃப்செட்.' இலக்கணம் சறுக்கினாலும் 'ஏன்?' என்ற அடுத்த கேள்விக்கு இது தாங்கும், ஏனென்றால் அது நடந்த விஷயம். சொல் வராத இடத்தில் 'இதை மட்டும் தமிழில் சொல்கிறேன், சார்' என்று சொல்லிவிட்டுத் தொடர். 'சாரி சார், மை இங்கிலீஷ் இஸ் நாட் குட்' என்று தொடங்காதே. மன்னிப்புக் கேட்கும்படி நீ ஒரு தப்பும் செய்யவில்லை.

போன மாதம் மாக் இன்டர்வியூ வைத்தேன். மேசையில் ஒரு ஷாஃப்ட்டும் மைக்ரோமீட்டரும் மட்டும் வைத்திருந்தேன். உடுமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பழக்கத்தில் "மைசெல்ஃப்..." என்று வாயெடுத்தாள். நான் ஷாஃப்ட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் நிறுத்திவிட்டு, சுத்தமான துணி இருக்கிறதா என்று கேட்டாள். மைக்ரோமீட்டரின் இரண்டு முகத்தையும் துடைத்தாள். மூடி, சைபரில் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஷாஃப்ட்டையும் துடைத்தாள். ராட்செட்டைத்தான் திருகினாள், திம்பிளை இறுக்கவில்லை. ஒரே இடத்தில் அளந்து விட்டுவிடாமல் மூன்று இடத்தில் அளந்தாள்.

"24.98, சார். திஸ் எண்ட், 24.96. டேப்பர் இஸ் தேர்."

"ஒய்?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். பிறகு, தாளில் இல்லாத அந்தக் கேள்விக்குப் பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலுமாகப் பதில் சொல்லத் தொடங்கினாள்.