மேலே ஏறியவர் ‘நிறுத்து’ என்றால் யார் கேட்பார்கள்?

2025 ஆகஸ்ட் 20 அன்று மதுரை பாரபத்தியில், ஒரு கட்சியின் மாநாட்டுத் திடலில் நூறடிக் கொடிக்கம்பத்தைக் கிரேன் வைத்து நிமிர்த்தும்போது அது சரிந்து அருகில் நின்ற கார்மேல் விழுந்தது. காருக்குள் ஆள் இல்லை. அடுத்த இரண்டு நாள் எல்லோருடைய செல்போனிலும் அந்த நசுங்கிய கார்தான் ஓடியது. கேலி, மீம்ஸ், சகுனம் சரியில்லை என்ற ஆருடம். கம்பத்தின் அடியில் நின்று வேலை பார்த்தவர்கள் யார், அவர்கள் தலையில் ஹெல்மெட் இருந்ததா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அதே ஆண்டு மார்ச் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா வேலையின்போது இரும்பு ஏணி உயரழுத்த மின்கம்பியில் பட்டு நான்கு பேர் இறந்தார்கள். 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில், அமைச்சர் வரவிருந்த ஒரு திருமண விழாவுக்குக் கட்சிக் கொடிக்கம்பம் நட்ட சிறுவன் மின்சாரம் தாக்கி இறந்தான். 2023 ஜனவரியில் நெமிலி அருகே கீழ்வீதி கிராமக் கோயில் விழாவில், சரக்கு தூக்கும் கிரேனில் ஆட்கள் தொங்கியபடி சாமிக்கு மாலை போடும்போது கிரேன் கவிழ்ந்து நான்கு பேர் இறந்தார்கள். இவை நமக்கு ஒருநாள் செய்தி. 2024 டிசம்பரில் கொச்சி கலூர் ஸ்டேடியத்தில், சரியான கைப்பிடித் தடுப்பு இல்லாத தற்காலிக மேடையிலிருந்து சட்டமன்ற உறுப்பினர் உமா தாமஸ் விழுந்து படுகாயமடைந்தபோது ஏற்பாட்டாளர்கள் கைதானார்கள், மேடை எப்படிக் கட்டப்பட்டது என்று வாரக்கணக்கில் விவாதம் நடந்தது. அது நியாயமான விவாதம். மேடையில் உட்காருகிறவர் விழுந்தால் நடக்கும் விவாதம், மேடையைக் கட்டுகிறவர் விழுந்தால் ஏன் நடப்பதில்லை என்பதுதான் என் கேள்வி.

கல்லூரிக் காலத்தில் மூன்று ஆண்டுகள் விடுமுறை நாட்களில் வட மாவட்டம் ஒன்றில் ஒரு சவுண்ட் சர்வீஸில் வேலை பார்த்தேன். எங்கள் செட்டில் ஏழு பேர். ஆறு பேர் சேரிக்காரர்கள், ஒருவர் இருளர். ஆம்ப்ளிஃபயரும் லைட்டும் ஜெனரேட்டரும் முதலாளியுடையவை. அவர் சாதி வேறு. மூங்கில் சட்டத்தில் நாற்பதடி ஏறி அம்மன் உருவத்தில் சீரியல் பல்பு கட்டுவோம். இறங்கி வந்தால் கோயில் திண்ணையில் உட்காரக் கூடாது. தண்ணீர் பிளாஸ்டிக் கப்பில் வரும், மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். எங்களில் மூத்தவருக்கு நாற்பத்தாறு வயது. அவரையும் விழாக் கமிட்டிப் பையன்கள் “டேய் லைட்டு” என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த “டேய்”தான் இந்தக் கட்டுரையின் விஷயம். பாதுகாப்பு என்றால் கருவி என்று நினைக்கிறோம். கருவி முக்கியம்தான். ஆனால் அதற்கும் முந்தியது ஒன்று உண்டு. காற்று எப்படி அடிக்கிறது, எந்த போல்ட் தேய்ந்திருக்கிறது, எந்த ஒயரில் ஷாக் அடிக்கிறது என்று முதலில் தெரிவது மேலே இருப்பவருக்கு. அவர் “இப்போ முடியாதுண்ணே, நிறுத்துங்க” என்று சொன்னால் கீழே இருப்பவர்கள் நிறுத்த வேண்டும். நாற்பத்தாறு வயதுக்காரரை “டேய்” என்று கூப்பிடும் இடத்தில் அந்தச் சொல் எடுபடுமா?

கருவிக்கே வருகிறேன். நம் ஊரில் ‘பெல்ட்’ என்று சொல்லி இடுப்பில் மட்டும் கட்டிவிடும் பட்டை விழுகிறவரைக் காப்பாற்றாது. விழும் வேகம் மொத்தமும் இடுப்பிலும் வயிற்றிலும் இறங்கும், முதுகெலும்பே முறியலாம். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ்தான் தேவை. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3521 அதற்கானது. இரண்டு கொக்கி வேண்டும், ஒன்றைக் கழற்றி நகரும்போது இன்னொன்று மாட்டியிருக்க. கொக்கியைத் தன் எடையையே தாங்காத மூங்கிலில் மாட்டினால் அதனால் பயனில்லை. ஹார்னஸில் தொங்குகிறவரைச் சில நிமிடங்களில் கீழே இறக்கவும் வேண்டும், இல்லையென்றால் காலில் ரத்தம் தேங்கி அதுவே உயிருக்கு ஆபத்து. அதாவது ஏணியும், ஏறத் தெரிந்த இன்னொரு ஆளும் தயாராக நிற்க வேண்டும்.

ட்ரஸ்ஸில் தொங்கும் ஷார்பி லைட் ஒவ்வொன்றும் 15 முதல் 20 கிலோ. கிளாம்ப் நழுவினால் பிடித்துக்கொள்ள ஒவ்வொரு லைட்டுக்கும் தனியாக ஒரு ஸ்டீல் சேஃப்டி ஒயர் போட வேண்டும். எத்தனை மேடையில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? ஷேக்கிளிலும் செயின் பிளாக்கிலும் எவ்வளவு எடை தாங்கும் என்ற எண் பொறித்திருக்க வேண்டும். நான் கையாண்ட பலவற்றில் அந்த எண் துருவில் மறைந்திருந்தது.

காற்றின் கணக்கு இன்னும் மோசம். மேடைக்குப் பின்னால் கட்டும் 40 அடிக்கு 20 அடி ஃபிளெக்ஸை நாம் வெறும் படமாகப் பார்க்கிறோம். காற்றுக்கு அது பாய்மரம். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் அதன்மேல் விழும் விசை தோராயமாக 300 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும், அதாவது 60 கிலோமீட்டர் காற்றில் ஒரு டன்னுக்கும் மேல். கோடை மழைக்கு முன் வரும் காற்று அந்த வேகத்தைச் சாதாரணமாகத் தொடும். அதை நாம் நாலு மணல் மூட்டையையும் நைலான் கயிற்றையும் நம்பி நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இது ஏழை நாட்டின் பிரச்சினை மட்டுமல்ல. 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சியில் புயல் காற்றில் மேடைக் கூரை சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் மேடைத் தொழிலாளியும் உண்டு. கூரையை இழுத்துப் பிடித்த கயிறுகள் கட்டப்பட்டிருந்த கான்கிரீட் தடுப்புகளால் அந்த இழுப்பைத் தாங்க முடியவில்லை. நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதே அங்கு தெளிவாக இருக்கவில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது. இத்தாலியில் 2011 டிசம்பரில் த்ரியெஸ்தே நகரில் ஒரு பாடகரின் நிகழ்ச்சிக்கு மேடை கட்டியபோது அது சரிந்து, கூலி வேலைக்கு வந்திருந்த 20 வயது மாணவர் இறந்தார். மூன்று மாதத்தில் ரெஜ்ஜோ கலாப்ரியாவில் இன்னொரு தொழிலாளி. அதன்பின் 2014இல் கட்டுமானத் தளத்துக்கான பாதுகாப்பு விதிகள் இசை மேடைக்கும் பொருந்தும் என்று அந்நாட்டு அரசு தனி ஆணையே போட்டது.

இங்கே சட்டம் வேறு கதை. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பும் கட்டுமானத்துக்குப் பத்துப் பேர் கணக்கையே வைத்திருக்கிறது. எங்கள் செட்டில் ஏழு பேர் என்று முன்பே சொன்னேன். ஆள் செத்தால் வருவது இழப்பீடு அல்ல, நிதியுதவி. தலைவர் வீட்டுக்கு வந்து காசோலை கொடுப்பார், போட்டோ எடுப்பார்கள். இழப்பீட்டை உரிமையாகக் கேட்கலாம். நிதியுதவிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னதை நம் தோழர்கள் எளிதாக ஒப்புக்கொள்வார்கள். அடுத்தது கொஞ்சம் கசக்கும். நம் மேடைகளும் இப்படித்தான் கட்டப்படுகின்றன. அதற்கு ஒரு காரணம் நம் கையில் இல்லை. ஊர்க் கோயில் விழாவுக்கு மாதக்கணக்கில் முன்பே எல்லாம் முடிவாகியிருக்கும். தலித் அமைப்பு கூட்டம் போட்டால் காவல்துறை அனுமதி கடைசி வரை இழுக்கும், சில சமயம் உயர்நீதிமன்றம் போய்த்தான் வாங்க வேண்டும். முந்தின நாள் மாலை அனுமதி வந்தால் மேடை ஒரே ராத்திரியில் எழ வேண்டும். தூங்காதவர்கள், இருட்டில், அவசரத்தில் ஏறுகிறார்கள். அரசு செய்யும் தாமதத்தின் கடைசிக் கணக்கு அந்தப் பையன்களின் உடம்பில் எழுதப்படுகிறது. அனுமதி வழக்குகளில் நம் வழக்கறிஞர்கள் பேச்சுரிமையை மட்டும்தான் முன்வைக்கிறார்கள். மேடை கட்டுகிறவர்களின் உயிருக்கு இத்தனை நாள் அவகாசம் தேவை என்று மனுவில் ஒரு பத்தி சேர்த்தால் என்ன?

இன்னொரு காரணம் முழுக்க நம்முடையது. தலைவருக்கு முப்பதடி கட்-அவுட் வேண்டும் என்று கேட்பது நாம். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில், பா.ரஞ்சித் இயக்கிய ‘வேட்டுவம்’ படப்பிடிப்பில் சண்டைக் கலைஞர் ஒருவர் கார் சாகசக் காட்சியில் உயிரிழந்தார். காவல்துறை வழக்குப் பதிந்தது. அதில் தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. இயக்குநரைத் தாக்குவதா, காப்பதா என்ற சண்டையில் நாம் செலவிட்ட நேரத்தில் பாதியையாவது, நம் ஆட்கள் நடத்தும் படப்பிடிப்பிலும் மேடையிலும் என்ன விதி இருக்க வேண்டும் என்று பேசச் செலவிட்டிருக்கலாம். எதிரிகள் பயன்படுத்திக்கொள்வார்கள் என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் செத்தவர் பக்கம் நின்று நாம் பேசாவிட்டால், அவர்கள் பேசுவதுதான் மிஞ்சும்.

அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943 டிசம்பரில் தன்பாத் போய் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். ஏப்ரல் 14 அன்று அவர் படத்துக்கு மாலை போட நாம் ஏறும் மேடையின் அடியில் ஒருமுறையாவது குனிந்து பார்த்திருக்கிறோமா?

காசில்லை என்பார்கள். ஒரு நல்ல ஹார்னஸ் சில ஆயிரம் ரூபாய். ஒரு மாவட்டத்து அமைப்புகள் சேர்ந்து நான்கு வாங்கி வைத்தால் ஆண்டுக்கணக்கில் மாறி மாறிப் பயன்படுத்தலாம். ஜெனரேட்டர் லைனில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்று பொருத்த, ஆளுயர மாலை ஒன்றைக் குறைத்தால் போதும். மின்கம்பிக்கு அடியில் மேடையே வேண்டாம். அதற்குச் செலவே கிடையாது. சவுண்ட் சர்வீஸுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும்: காற்று, மழை, மின்சாரம் பற்றி மேலே இருப்பவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம், தலைவர் காரில் வந்துகொண்டிருந்தாலும் சரி, அதற்காக யார் கூலியும் பிடிக்கப்படாது. இதை மைக் செட் முதலாளியிடம் மட்டும் சொன்னால் போதாது. ஏறப்போகிறவரிடம், அவர் பெயரைக் கேட்டு, “அண்ணே” என்று கூப்பிட்டு நேரில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தின் தொழில் பட்டியலில் பந்தல் அமைக்கும் வேலையும் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம், பதிவுக்குக் கட்டணம் இல்லை. இது தெரியாமலே இருபது வருடம் ஏறி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வருகிற ஏப்ரல் 14 கூட்டங்களில் புத்தகக் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, அந்த மேடையைக் கட்டியவர்களையே முதலில் பதிவு செய்யலாம். ஆதார் அட்டையும் ரேஷன் அட்டையும் கொண்டுவரச் சொல்லி முன்பே தகவல் கொடுத்துவிடுங்கள்.